நான் முதலாவதாக வந்த பதினோரு நிமிடங்கள்

ஒரு மாரத்தானில் எனக்கு முதல் பரிசு கிடைத்திருக்கிறது. சும்மா சொல்லவில்லை. மேடையில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கழுத்தில் மெடல் மாட்டி, முழங்கை உயரத்துக்கு ஒரு கோப்பையும் கொடுத்தார்கள். பதினோரு நிமிடம் அது என்னிடம் இருந்தது. பிறகு நானே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்த ‘நானே’ என்ற சொல்லை மட்டும் எங்கே சொன்னாலும் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். என் கணவர் பக்கத்தில் இருந்தால் சரியாக அந்த இடத்தில் இருமுவார்.

நான் வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் உதவியாளர். என் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், மனுக்களைத் திருப்பி அனுப்புவது. இனிஷியல் விட்டுப்போயிருந்தால் திருப்பி அனுப்புவேன். ஆதாரில் ஒரு ‘ல’, ரேஷன் கார்டில் ஒரு ‘ள’ இருந்தால் திருப்பி அனுப்புவேன். பதினான்கு வருடமாக இதைச் செய்கிறேன். எழுத்துப்பிழை என் கண்ணில் படாமல் தப்பாது என்று ஒரு பெருமை இருந்தது. (இருந்தது என்று இறந்த காலத்தில்தான் சொல்லவேண்டும்.)

நாலு வருடம் முன்பு எங்கள் ஊரில் முதல்முறையாக மாரத்தான் என்று விளம்பரம் வந்தது. சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்து நடத்தியது. ஒவ்வொரு அலுவலகத்திலிருந்தும் சிலர் கலந்துகொள்ள வேண்டும் என்று வாய்மொழியாக உத்தரவு. எங்கள் சூப்பிரண்டு பெயர் எழுதிக்கொண்டு வந்தார். என் மேஜை வந்ததும் பேனாவை மூடிவிட்டார்.

“உங்களுக்கு வேணாம்மா. ரெண்டு மாடி ஏறி வந்தாலே பத்து நிமிஷம் பேச மாட்டேங்கிறீங்க.”

மூன்று கிலோமீட்டர் நடை என்று ஒரு பிரிவு இருந்தது. குழந்தைகளும் சர்க்கரை நோயாளிகளும் கலந்துகொள்ளலாம் என்று போட்டிருந்தார்கள். அதில் சேர்ந்திருந்தால் என் கதை அங்கேயே மரியாதையாக முடிந்திருக்கும். “பத்து கிலோமீட்டர்னு போடுங்க சார்” என்றேன்.

அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. கடைசியாக நான் ஓடியது காலேஜில், பஸ்ஸைப் பிடிக்க. அதிலும் பஸ் நிற்கவில்லை.

பயிற்சி எடுத்தேன். நாலு நாள். எங்கள் குடியிருப்பு புதிது, வீடுகளைவிடக் காலி மனைகள் அதிகம், காலி மனைகளைவிட நாய்கள் ஜாஸ்தி. முதல் நாள் இரண்டு தெரு ஓடினேன். மூன்றாவது தெருவில் என்னைவிட ஆர்வமாக மூன்று பேர் பின்னால் ஓடிவந்தார்கள். அன்று என் வேகம் நன்றாக இருந்ததாகப் பால் போடுகிறவர் சொன்னார். ஐந்தாம் நாளிலிருந்து மனதளவில் தயாராவதுதான் முக்கியம் என்று முடிவு செய்தேன்.

ஓட்டத்துக்கு முந்தின நாள் ஒரு கல்யாண மண்டபத்தில் டீ-ஷர்ட்டும் நம்பரும் கொடுத்தார்கள். நம்பர் என்பது நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு தாள். அதன் பின்பக்கம் ஸ்டிக்கர் மாதிரி ஒரு ‘சிப்’. நாம் எப்போது கிளம்பினோம், எப்போது முடித்தோம் என்று அது கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடுமாம். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். என் பையின் மேல் 136 என்றும், கீழே எக்ஸ்எல் என்றும் எழுதியிருந்தது.

விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்பியவர் என் கணவர் குமரேசன். அவலூர்பேட்டை ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். போன் போட்டுக் கேட்டேன்.

“ஏங்க, எனக்கு எக்ஸ்எல்லா?”

“லூசா இருந்தா ஓட வசதியா இருக்கும்னு போட்டேன் மகேசு” என்றார். கடையில் மெஷின் சத்தம் என்று சொல்லி உடனே வைத்துவிட்டார்.

எனக்கு அடுத்து வரிசையில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். வேட்டி, அரைக்கை சட்டை, ஒட்டிய வயிறு. கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயம், பெயர் முனிரத்தினம். அவர் கையில் 163. அளவு எம். “பையன் எழுதிக் குடுத்தாம்மா. எம்-மாம். எனக்கு இறுக்கிப் புடிச்சா மூச்சு வாங்கும்” என்றார்.

அந்த நிமிடம் நான் செய்ததை என் அலுவலகத்துக்கு வரும் எந்த மனுதாரரும் அறியக் கூடாது. “ஐயா, பையையே மாத்திக்கலாம்” என்றேன். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண், “மேடம், நம்பர் உங்க பேர்ல ஏத்தியிருக்கு. டீ-ஷர்ட்ட மட்டும் வேணா…” என்று ஆரம்பித்தாள். வெளியே என் ஸ்கூட்டியை மண்டபத்து வாட்ச்மேன் நகர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒட்டிய பையைப் பிரித்து, மாற்றி, திரும்ப ஒட்டி, அதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது.

“நம்பர்ல என்னம்மா இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரு ‘ள’வுக்காக ஒரு விதவையை மூன்று முறை நடக்கவைத்தவள் சொன்ன வார்த்தை இது.

இனி நிர்வாகத்தைப் பற்றி. எங்கள் ஊரில் கல்யாணம், காதுகுத்து, கோர்ட் வாய்தா, ஏன், தேதி குறித்துச் செய்கிற ஆபரேஷன்கூட பௌர்ணமி இல்லாத நாளா என்று பார்த்துத்தான் வைப்பார்கள். அன்றைக்கு ஊரே கிரிவலக் கூட்டத்தில் மூழ்கிவிடும், பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. சென்னைக் கம்பெனி ஞாயிற்றுக்கிழமையா என்று மட்டும் பார்த்தது. சனிக்கிழமை பௌர்ணமி. திதி ஞாயிறு காலை எட்டு மணி வரை இருந்தது. அதாவது நாங்கள் ஓடப்போகும் சாலையில் ஏற்கனவே ஆயிரக்கணக்கானவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. எங்கள் பாதை, வேங்கிக்கால் பக்கத்து மைதானத்தில் கிளம்பி, காஞ்சி ரோடு வழியாகக் கிரிவலப் பாதையில் நுழைந்து, அடி அண்ணாமலையில் திரும்பி, வந்த வழியே வருவது. வரைபடத்தில் பார்த்தால் அழகான பாதை. ஆனால் மலையை எல்லோரும் வலமாகத்தான் சுற்றுவார்கள். நாங்கள் போக வேண்டியது இடமாக. மொத்தக் கூட்டத்துக்கும் நேர் எதிரே.

ஆறு மணி ஓட்டம், சிறப்பு விருந்தினர் வந்து கொடி அசைத்தபோது ஆறு இருபத்தைந்து. முனிரத்தினம் என் பக்கத்தில் நின்றார். எக்ஸ்எல் அவருக்குக் கொடிக்கம்பத்தில் கட்டியது போல் ஆடியது. எம் எனக்கு எப்படி இருந்தது என்பதை விட்டுவிடலாம்.

“நீங்க தினமும் ஓடுவீங்களாய்யா?” என்று கேட்டேன்.

“மல்லாட்டைக் கொல்லையில கடலை திங்கக் காட்டுப்பன்னி வரும்மா. விடியறதுக்குள்ள தொரத்தணும். அது நேரா ஓடாது, வளைஞ்சு வளைஞ்சு ஓடும். இது ரோட்டுல நேரா ஓடுறதுதானே.” கொஞ்சம் தயங்கினார். “பசங்க நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு வீட்ல உக்காருன்றாங்க. அறுபத்தொண்ணு ஆயிடுச்சாம். பத்து கிலோமீட்டர் ஓடிக் காட்டுறேன், அப்புறம் அந்தப் பேச்சு எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். பெரியவன் வருவான் பாக்க. கடைசியா வந்தாலும் சர்ட்டிபிகேட் குடுப்பாங்களா?”

“கண்டிப்பா குடுப்பாங்கய்யா. தைரியமா ஓடுங்க” என்றேன். அவருக்கு நான் தைரியம் சொன்னேன். கொடி அசைந்தது. பத்து விநாடியில் அவர் முதுகு தெரிந்தது, இருபதாவது விநாடியில் அதுவும் தெரியவில்லை.

முதல் கிலோமீட்டரை நான் ஓடினேன். அதற்குச் சாட்சிகள் உண்டு. இரண்டாவதில் ஓட்டமும் நடையும். அதற்குள் எதிரே கூட்டம் வந்துவிட்டது. வெறுங்காலோடு, தோளில் துண்டோடு, “அண்ணாமலையாருக்கு அரோகரா” என்று சொல்லிக்கொண்டு வரும் ஜனத்துக்குள் நான் மட்டும் இந்தப் பக்கமாக முட்டிக்கொண்டு போனேன். ஒரு அம்மா என் கையைப் பிடித்தே நிறுத்திவிட்டார். “ஏம்மா, வழி தெரியாத வந்துட்டியா? சாமிய இப்படிச் சுத்தக் கூடாதும்மா, திரும்பு” என்றார். போட்டி என்று விளக்கினேன். “யார் கூடப் போட்டி?” என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. நான்தான் கடைசி.

காஞ்சி ரோட்டிலிருந்து கிரிவலப் பாதை இடது பக்கம் பிரியும் இடத்தில் அம்புக்குறி போட்ட பலகை ஒன்று வைத்திருந்தார்களாம். துண்டு விற்கிற ஒருவர் அதை நல்ல ஸ்டாண்டு என்று நினைத்து, நாற்பது காவித் துண்டுகளைத் தொங்கவிட்டிருந்தார். முன்னால் போன கூட்டம் அம்பு தெரியாமல் நேராகக் காஞ்சி ரோட்டிலேயே போய்விட்டது. நான் அங்கே வந்தபோது அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஏற்பாட்டாளர்களை அவர்கள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பாதியை எழுதலாம் என்றால்கூட, அதில் பாதி உருது.

“ஒரு கிலோமீட்டர் போய்ட்டுத் திரும்பி வர்றோம் மேடம். நீங்களாவது இப்படியே போங்க” என்றார் ஒருவர். எனக்கு ஒரு கெட்ட சந்தோஷம் வந்தது. அவர்கள் எல்லோரும் தவறான வழியில் ஓடியவர்கள். நான் சரியான வழியில் நடந்தவள். இந்த எண்ணம் பிறகு என்ன வேலை செய்தது என்று பாருங்கள்.

பாதையில் நுழைந்து நூறு அடி போகவில்லை, எதிரே என் அத்தை. அதாவது என் மாமியார். அவர் எல்லாப் பௌர்ணமியும் கிரிவலம் வருகிறவர். விடிகாலையிலேயே அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேரோடு கிளம்பிவிட்டார். வீட்டில் நான் சுடிதார்தான் போட்டுக்கொள்வேன் என்று சொல்லியிருந்தேன். இப்போது எம் அளவு டீ-ஷர்ட்டும், குமரேசனின் டிராக் பேண்ட்டும். ஒளியலாம் என்று ஒரு வேப்பமரத்தைப் பார்த்தேன். அதன் பின்னால் ஏற்கனவே ஒரு ஓட்டக்காரர் உட்கார்ந்து கால் பிடித்துக்கொண்டிருந்தார்.

அத்தை என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பக்கத்தில் இருந்த பெண்களிடம், “எங்க மருமவதான். எதிர்ல வந்து கும்புடுறா” என்றார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, “தண்ணி குடிச்சியா? மூஞ்சி ஏன் இப்படி செவந்திருக்கு? திரும்பி வந்துடு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றார். அன்று எனக்கு வந்த ஒரே நல்ல யோசனை அது. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு ஓடினேன். அவர் பார்வையிலிருந்து மறையும்வரை ஓடினேன். பிறகு நடந்தேன்.

தண்ணீர் வைக்கும் இடங்கள் நாலு என்று விளம்பரம். முதல் இடத்தில் கப் இருந்தது, தண்ணீர் இல்லை. இரண்டாவது இடத்தில் தண்ணீர் கேன் இருந்தது, கப் இல்லை. கேனைத் தூக்கிக் குடிக்க முயன்ற ஒருவர் முழுதாக நனைந்து நின்றிருந்தார். மூன்றாவது இடத்தில் வாழைப்பழத் தோல்கள் மட்டும் இருந்தன. ஆனால் கிரிவலப் பாதையில் பௌர்ணமியன்று யாரும் பட்டினியாகப் போக முடியாது. ஒரு பந்தலில் அன்னதானம். நான் கேட்கக்கூட இல்லை. “ஓடியார்றவங்க எல்லாம் இப்படி வாங்க, மோர் குடிங்க” என்று கூப்பிட்டார்கள். மோர் குடித்தேன். புளியோதரை வரிசையிலும் நின்றேன். நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு, தொன்னையைக் கையில் ஏந்தி, சாலையோரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதுவரை தொலைத்திருந்த மனித நம்பிக்கை திரும்பி வந்தது. தொன்னையும் இன்னொரு முறை நிரம்பியது.

அடி அண்ணாமலை திருப்பத்தில் தரையில் ஒரு பாய் விரித்திருப்பார்கள், அதை மிதித்தால் சிப் பதிவாகும் என்று சொல்லியிருந்தார்கள். நான் போனபோது அந்தப் பாயைச் சுருட்டி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். “எல்லாரும் போயிட்டாங்கன்னு நெனச்சோம் மேடம்” என்ற பெண், சுருட்டிய பாயை என் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள். ‘பீப்’ என்றது. இப்படியாக நான் அந்தத் திருப்பத்தை அடைந்ததைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது.

திரும்பி வரும்போது கூட்டத்தோடு கூட்டமாக வந்தேன். யாரும் திட்டவில்லை. வேகமாகவும் இருந்தது, ஏனென்றால் பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள்.

மைதானத்தின் நுழைவில், முடிவுக் கோட்டுக்கு மேலே காற்றடைத்த பெரிய வளைவு வைத்திருந்தார்கள். ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துபோய் அது மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது. நான் கோட்டை நெருங்க நெருங்க அது என் மேல் இறங்கியது. முழங்காலில் குனிந்து, துணியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் வெளியே வந்தேன். குமரேசன் கேமராவோடு நின்றிருந்தார். அந்தப் போட்டோவில் நான் கூடாரத்திலிருந்து திருடிவிட்டு வெளியே வருகிறவள் போல் இருப்பேன். அவருக்குப் பின்னால் நாற்காலியில் அத்தை. பதினாலு கிலோமீட்டரை முடித்து, குளித்து, இட்லி சாப்பிட்டு, ஷேர் ஆட்டோவில் வந்து, விபூதியோடு உட்கார்ந்திருந்தார்.

“மணி எட்டு பதினேழு” என்றார் குமரேசன். நான் கேட்கவில்லை.

கடைசி ஆளும் வந்துவிட்டதால் அப்போதுதான் எல்லோருக்கும் முடிவு அனுப்பினார்கள். என் போனுக்கும் அந்தச் செய்தி வந்தது. ‘வாழ்த்துகள் மகேஸ்வரி. 10 கி.மீ. உங்கள் நேரம்: 58 நிமிடம். மகளிர் பிரிவில் உங்கள் இடம்: 1.’

நான் முட்டாள் இல்லை. ஆறு இருபத்தைந்துக்குக் கிளம்பி எட்டு பதினேழுக்கு வந்தால் ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆசை வந்துவிட்டால் மூளை எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்பதை அன்று கண்டேன். முன்னால் போனவர்கள் எல்லாம் வழி தவறியவர்கள், அவர்களைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள். சரி, நேரம்? அந்தச் சிப், ஓடிய நேரத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும் போலிருக்கிறது. நடந்ததையும் புளியோதரையையும் கழித்துவிடும். அப்படித்தான் இருக்க வேண்டும். எவ்வளவு நவீனமான ஏற்பாடு.

குமரேசனிடம் காட்டினேன். படித்தார். இன்னொரு முறை படித்தார். “மகேசு, இது வேற யாருக்கோ…” என்றார்.

“உங்களுக்கு என்ன தெரியும் சிப்பைப் பத்தி. சும்மா இருங்க” என்றேன்.

அதற்குள் மைக்கில் பெயர் கேட்டது. “மகளிர் பத்து கிலோமீட்டர், முதல் பரிசு, வேங்கிக்காலைச் சேர்ந்த திருமதி மகேஸ்வரி.” முன்வரிசையில் எங்கள் சூப்பிரண்டு எழுந்து நின்று கைதட்டினார். அந்த ஒரு கைதட்டலுக்காக நான் எதையும் நம்பத் தயாராக இருந்தேன். படியேறினேன். மூச்சு வாங்கியதை உணர்ச்சிவசப்பட்டதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கோப்பையை வாங்கிச் சூப்பிரண்டு இருந்த திசையில் தூக்கிக் காட்டினேன்.

இரண்டாம் பரிசு வாங்கிய பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். செங்கம் பக்கத்து ஊர், கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறவள். முழங்காலில் சிராய்ப்பு, கால்கள் நிஜமாகவே ஓடுகிறவளின் கால்கள். போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, உங்கள நான் வழியில எங்கயுமே பாக்கலையே?”

“நான் கொஞ்சம் முன்னாடி போயிட்டேம்மா” என்றேன்.

இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

கீழே இறங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் பேச்சுக் குரல்.

“அப்பா, பாரு, மெசேஜ் வந்திருக்கு. ஒரு மணி அம்பத்திரண்டு நிமிஷம். மொத்தத்துல கடைசி. இதுக்குத்தான் சொன்னேன், முடியாதுன்னா கேக்கறியா?”

“எப்பவோ வந்துட்டேன்டா. டீ குடிச்சேன், பேப்பர் கூடப் பாத்தேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? விடு. ஆள் வந்து கேட்டுட்டே இருக்கான், இந்த வருஷமே குத்தகைக்குப் பேசி முடிச்சிடலாம்.”

திரும்பிப் பார்த்தேன். தொளதொளவென்ற டீ-ஷர்ட்டின் நெஞ்சில் 136. முனிரத்தினம் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார், அவை ஏதோ தன்னிடம் பொய் சொல்லிவிட்டது போல. நான் குனிந்து என் நெஞ்சைப் பார்த்தேன். 163.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உடனே எழுந்து போனேன் என்று எழுதத்தான் ஆசை. போகவில்லை. மூன்று நிமிடம் உட்கார்ந்திருந்தேன். துப்பட்டா இல்லாததால் குமரேசனின் துண்டை எடுத்து நம்பரை மறைத்துக்கொண்டேன். சூப்பிரண்டு இன்னும் போகவில்லை, அவர் போகட்டும் என்று நினைத்தேன். அந்த இரண்டாம் பரிசுப் பெண் பஸ் ஏறட்டும் என்று நினைத்தேன். பதினோரு நிமிடத்தில் முதல் எட்டு நிமிடம் முட்டாள்தனம். அதை நானே சொல்லிச் சிரிப்பேன். கடைசி மூன்று நிமிடம் தெரிந்தே செய்தது. அதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் சிரிப்பு வருவதில்லை.

முனிரத்தினம் எழுந்தார். “சரி வாடா, போலாம்” என்று மகனிடம் சொன்னார். அந்தக் குரல் ஓட்டம் தொடங்கும்போது என்னிடம் பேசிய குரலாக இல்லை. அப்போதுதான் எனக்குக் கால் வந்தது. அன்று காலை நான் உண்மையிலேயே ஓடிய தூரம் என்றால், அந்தப் பெஞ்சிலிருந்து மேடைக்குத்தான்.

கிளம்பிக்கொண்டிருந்த முனிரத்தினத்தைக் கைகாட்டி, அறிவிப்பாளர் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையில் இருந்த மைக் அணைக்கப்படவில்லை.

“என்ன மேடம், நீங்க ஜெயிக்கலையா?” மைதானம் முழுக்கக் கேட்டது. “அப்ப யாரு? இந்தப் பெரியவரா? இவரு எப்படி மேடம் மகளிர் பிரிவுல வருவாரு?”

சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கியது என்று எனக்குத் தெரியும். முன்வரிசை.

கம்பெனியின் ஏற்பாட்டாளர் வாக்கி டாக்கியோடு வந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, “சிஸ்டத்துல லாக் ஆயிடுச்சு மேடம். இனிமே மாத்த முடியாது. உங்க நம்பர் ஓடுன நேரம் உங்க நேரம்தான்” என்றார். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான முதல் பரிசை வேறொருவர் வாங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டு காரில் போயிருந்தார். மகளிர் கோப்பையை நான் அந்தச் செங்கத்துப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் தன்னுடையதை மூன்றாவது வந்தவளிடம் கொடுத்தாள். கடைசியில் மிஞ்சிய மூன்றாம் பரிசுக் கோப்பையை ஏற்பாட்டாளர் முனிரத்தினத்திடம் நீட்டினார். மேலே ஒரு பெண் ஓடுகிற பொம்மை.

முனிரத்தினம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கப்பு வேணாம்பா. பேர் போட்ட காயிதம் ஒண்ணு குடுத்தா போதும்.”

“சிஸ்டத்துல…” என்று ஏற்பாட்டாளர் மறுபடி ஆரம்பித்தார்.

அவர் பேசுவது எனக்கு மிகவும் பழகிய பாஷை. அதுவரை பத்து வருடமாக நான் அதே குரலில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் நின்று கேட்டது அதுதான் முதல் தடவை. அதனால் அவர் என்ன சொன்னால் வழிக்கு வருவார் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

“சிஸ்டத்த நீங்க தொட வேணாம் சார். எம்பேர்ல பிரிண்ட் ஆன சர்ட்டிபிகேட்ட மட்டும் குடுங்க” என்றேன்.

மேஜையில் வைத்து எழுதினேன். ‘மகேஸ்வரி’ என்பதை ஒரே கோட்டில் அடித்து, மேலே ‘சி. முனிரத்தினம்’. ‘மகளிர்’ என்பதை அடித்து, மேலே ‘அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆடவர்’. ஒவ்வொரு அடித்தலுக்கும் பக்கத்தில் சிற்றொப்பம். கீழே, ‘அடித்தல் இரண்டு, திருத்தல் இரண்டு. மேற்படி திருத்தங்கள் சரியானவை’ என்று எழுதி, ஏற்பாட்டாளர் கையில் பேனாவைக் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். “சீல்” என்றேன். வைத்தார். என் பணிக்காலத்தில் இவ்வளவு வேகமாக எந்தத் தாளும் என் கையை விட்டுப் போனதில்லை.

முனிரத்தினத்தின் மகன் அதை வாங்கிப் படித்தார். ஐம்பத்தெட்டு நிமிடம் என்ற இடத்தில் விரல் நின்றது. அப்பாவைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி மாட்டினார், எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. குத்தகைப் பேச்சை எடுக்கவில்லை. “டிபன் சாப்ட்டியாப்பா?” என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டியில் வந்தோம். வாசலில் இறங்கியதும் அத்தை, “குடுத்துட்ட பாரு, அது நல்லது” என்றார். நான் நெகிழ்ந்துபோனேன். “பெரிய கப்பு. ஷோகேஸ்ல நிக்காது” என்று முடித்தார்.

சிஸ்டம் மட்டும் மாறவே இல்லை. அதில் இன்றும் நான்தான் மகளிர் சாம்பியன். வருடம் தவறாமல் ‘எங்கள் சாம்பியனே, மீண்டும் ஓட வாருங்கள்’ என்று செய்தி வருகிறது. குமரேசன் அதைச் சாப்பாட்டு நேரத்தில் செய்தி வாசிப்பவர் குரலில் படிப்பார். அலுவலகத்தில் ஒரு மாற்றம் உண்டு. ‘ல’வுக்கும் ‘ள’வுக்கும் நான் இப்போது யாரையும் திருப்பி அனுப்புவதில்லை, என் எதிரிலேயே திருத்தச் சொல்லிவிடுகிறேன். (மனம் திருந்தினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், திருப்பி அனுப்ப வாயெடுத்தாலே சூப்பிரண்டு தலையைத் தூக்கி, “என்னம்மா, நம்பர் மாறிடுச்சா?” என்கிறார்.)

போன மாதம் கீழ்பென்னாத்தூரில் அத்தை வழிச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் பாயசம் ஊற்ற வந்தவரை நிறுத்தி, என்னைக் காட்டினார். அடையாளம் தெரிய எனக்குக் கொஞ்ச நேரமானது. முனிரத்தினத்தின் மூத்த மகன். அப்பா நன்றாக இருக்கிறார், இன்னும் பன்றி துரத்துகிறார் என்றார். பிறகு அந்த வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, பெருமையாகவே, அறிமுகம் செய்துவைத்தார்.

“இவங்கதான் எங்கப்பா பேர்ல கடைசியா வந்தவங்க.”

எதிர் இலையில் இருந்த பெண்மணிக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தையிடம் திரும்பி, “உங்க மருமவ ஓட்டக்காரிங்களா?” என்று கேட்டார்.

அத்தை அப்பளத்தை நொறுக்கிப் பாயசத்தில் போட்டுக்கொண்டே சொன்னார்:

“ஓடுவா. யாரு பேர்ல ஓடுறான்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்கணும்.”